எந்தக் குஞ்சு சுருட்டை?

சுருட்டைக் கோழியைப் பார்க்காத பிள்ளைகள் இருப்பீர்கள். மற்றக் கோழிகளுக்கு இறகு உடம்போடு ஒட்டிப் படிந்திருக்கும். இதற்கு ஒவ்வோர் இறகும் வெளிப்பக்கமாகச் சுருண்டு நிற்கும். ஈரத்துண்டால் எதிர்ப்பக்கமாகத் துடைத்துவிட்ட தலைமுடி மாதிரி இருக்கும். நோய் ஒன்றும் இல்லை, பிறவியே அப்படி.

பொன்னமராவதிப் பக்கம் கட்டிக்கொடுத்த என் அக்கா அப்படி ஒரு பெட்டைக்கோழியை எங்களிடம் வாரத்துக்கு விட்டிருந்தார். வாரம் என்றால், கோழி அக்காவுடையது. தீனி போட்டு வளர்ப்பது நாங்கள். குஞ்சுகளில் ஆளுக்குப் பாதி. அதைப் பிரிக்கவும் ஒரு வழக்கம் உண்டு. வளர்த்தவர் இரண்டு பங்காக வைக்க வேண்டும், கோழிக்காரர் பிடித்த பங்கை எடுத்துக்கொள்வார்.

கோழி எட்டுக் குஞ்சு பொரித்தது. நான்காவது படிக்கும் என் மகளுக்கு ஒரே ஆசைதான், தன் பங்கில் ஒரு சுருட்டை வேண்டும். ஆனால் பொரித்த புதிதில் எல்லாக் குஞ்சும் பஞ்சு உருண்டை மாதிரி ஒன்றுபோலத்தான் இருக்கும். தகப்பன், பக்கத்து வீட்டுச் சாதாரணச் சேவல். அதனால் சில குஞ்சு தாயைப் போல வரும், சில தகப்பனைப் போல வரும். சிறகில் முதல் இறகு நீளும்போதுதான் எது எப்படி என்று தெரியும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல், கோழியையும் குஞ்சுகளையும் கவிழ்த்து மூடிய பஞ்சாரக் கூடையைத் தூக்குவாள். ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்துச் சிறகை விரிப்பாள். தாய்க்கோழி அவள் கையைக் கொத்தும்.

"இப்புடித் தெனமும் இழுத்துப் பாத்தா எறகு பயந்துபோயி உள்ளயே இருந்துக்கிரும்" என்பாள் என் மனைவி.

ஒருநாள் மகள் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். செவலைக் குஞ்சுக்கும் வெள்ளைக் குஞ்சுக்கும் சிறகு நுனி வளைந்திருந்தது. நானும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "சுருட்டையேதான்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரமே திருவரங்குளம் கோயிலுக்கு வந்த அக்கா, பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

"எங்க வீட்டுல ஒரு கோழி இதே பருவத்துக் குஞ்சோட திரியுது தம்பி. இப்பக் கொண்டுபோனா அதோட சேத்துவிட்ருவேன். பெருசாயிட்டா அது சேக்காது, கொத்திப்புடும்."

மகளுக்கு முகம் வாடிவிட்டது. "அத்தை, இன்னும் கொஞ்ச நாளு கழிச்சு வாங்களேன்" என்றாள்.

"ஏண்டி மருமகளே, வந்தவளுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்காம போயிட்டு வான்னு சொல்றியே!"

எல்லோரும் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு அட்டைப்பெட்டி கொண்டுவந்து அவளே பிரித்தாள். முதலில் செவலையையும் வெள்ளையையும் ஒரே பெட்டியில் விட்டாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். அத்தை அந்தப் பெட்டியையே எடுத்துவிட்டால்? வெள்ளையைத் தூக்கி மற்றப் பெட்டிக்கு மாற்றினாள். இப்போது அத்தை எதை எடுத்தாலும் இவளுக்கு ஒன்று உண்டு.

அக்கா இரண்டு பெட்டியையும் குனிந்து பார்த்தார். செவலை இருந்த பெட்டியில் ஒரு கருப்புக் குஞ்சு, மற்றதற்கெல்லாம் சிறகு நீண்டும் அது மட்டும் வெறும் பஞ்சாகவே நின்றது.

"இந்தக் கருப்பு நோஞ்சானை நீயே வச்சுக்க தாயி" என்று வெள்ளை இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

இரண்டு மூன்று நாளில் செவலையின் சிறகு தானாக நேராகிவிட்டது. தண்ணீர்த் தட்டில் விழுந்து நனைந்து, தாயின் அடியில் நெருக்கிப் படுத்ததில் இறகு மடங்கியிருக்கிறது. அவ்வளவுதான். அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டால், "வெள்ளையா? அதுக்கு எறகு நல்லாப் படிஞ்சுல்ல இருக்கு" என்கிறார். மகள் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்களுந்தானப்பா சுருட்டைன்னீங்க?"

"ஒன்னய மாதிரியே நானும் ஆசையில பாத்துட்டேன் ஆத்தா."

அதன்பிறகு அவள் பஞ்சாரத்துப் பக்கமே போகவில்லை. தீனி நான்தான் போட்டேன். அப்படிப் போடும்போதுதான் கண்டேன். கருப்புக்கு ஒருவழியாகச் சிறகு முளைத்திருந்தது. நுனி வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. இந்தத் தடவை நான் மகளிடம் வாயைத் திறக்கவில்லை. அக்காவிடம் கேட்டேன்.

"வெரலால நீவிப் பாரு தம்பி. மடங்குன எறகு நீவுனா நேராயிரும். பெறவிச் சுருட்டை நீவிவிட்டாலும் திரும்பச் சுருண்டுக்கிரும்."

மகளைக் கூப்பிட்டுக் குஞ்சைக் கையில் கொடுத்தேன். அவள் மெதுவாக நீவினாள். இறகு படிந்தது. விரலை எடுத்தாள். எழுந்து சுருண்டுகொண்டது. மறுபடி நீவினாள், மறுபடி சுருண்டது. "யம்மா, இங்க வாயேன்!" என்று அடுப்படி வரை கேட்கக் கத்தினாள்.

இப்போது அந்தக் கருப்பு வளர்ந்து பெட்டையாகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் நேரே தோலுக்குப் போய்விடும், அதனால் முதலில் அதைத்தான் உள்ளே தூக்குவோம். முட்டையிடும் பருவம் வந்ததும் சாதாரணச் சேவலோடுதான் விட வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சுருட்டையும் சுருட்டையும் சேர்ந்தால் சில குஞ்சுகளுக்கு இறகு நொறுங்கிக் கொட்டிப்போகுமாம்.

சுருண்ட சிறகில் காற்று நிற்காது. மற்றக் கோழிகள் சாயங்காலம் முருங்கைமரத்தில் ஏறி அடையும்போது இதுவும் தாவும், தொப்பென்று விழும். நேற்று மகள் ஒரு கம்பைத் தேடி எடுத்து, சுவரோரம் தன் முழங்கால் உயரத்தில் கட்டினாள். கருப்பு கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு தாவு தாவி ஏறி, இறகைச் சிலுப்பிக்கொண்டு உட்கார்ந்தது. அவளும் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "சத்தம் போடாதீங்க, தூங்கப் போவுது" என்றாள்.