பதினான்காவது பேச்சு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு 'மடிப்பு' என்றே பெயர். இருபத்திரண்டு வருடமாகப் படுக்கை விரிப்புகளை மடித்தால் வேறென்ன பெயர் வரும்? காலையிலிருந்து நின்றே வேலை. அசந்தால் விரிப்பைத் தேய்க்கும் சூட்டு உருளை விரலை இழுத்துக்கொள்ளும், அதனால் காதில் எதையும் மாட்டக் கூடாதென்று மேற்பார்வையாளர் கண்டிப்பு. ஆக, அவள் புத்தரின் பேச்சைக் கேட்பதெல்லாம் வீடு திரும்பும் பேருந்தில்தான்.

அதுவும் தனக்காக இல்லை, படுத்த படுக்கையாகக் கிடக்கும் அக்காவுக்காக. பழைய பௌத்த சூத்திரங்களை ஒரு துறவி விளக்கும் ஒலிப்பதிவுகள், மொத்தம் நாற்பது. அக்காதான் முதலில் அதில் பைத்தியமானவள். பிறகு காது மந்தமாயிற்று. தங்கை எதிரே உட்கார்ந்து கத்தினால் புரியும். போனுக்குள்ளிருந்து வரும் குரல் புரியாது.

"நீ கேட்டுட்டு வந்து சொல்லுடி" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து யாரால் முடியாதென்று சொல்ல முடியும்?

பதின்மூன்று பேச்சு வரை வண்டி ஓடியது. பதினான்காவது உடம்பு வலியைப் பற்றியது. "சரி, வலி வந்தால் என்ன செய்வது?" என்று துறவி நிதானமாகக் கேட்பார். அவ்வளவுதான், மடிப்புக்குக் கண் சொருகிவிடும். நடத்துனர் தட்டி எழுப்பும்போது கடைசி நிறுத்தம். மறுநாள் திரும்பக் கேட்டாலும் அதே இடம், அதே தூக்கம்.

வீட்டில் அக்கா இடுப்பு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வெறுங்கையோடு போய் நிற்க மனம் வரவில்லை. மடிப்பு வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள்: "வலி வந்தா, பக்கத்துல இருக்கறவங்க கையைப் பிடிச்சுக்கணுமாம்."

ஒரு வாரம் கழித்து அக்கா கேட்டாள். "அவரு நெஜமா அதைத்தான் சொன்னாரா? காது கேட்ட காலத்துல நானும் மூணு தடவ போட்டுக் கேட்டேன்டி. அந்தக் கேள்வி வந்ததும் தூங்கிடுவேன். எனக்கு இன்னும் எத்தனை நாளோ. அது தெரியாமப் போயிடக் கூடாது."

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் ஆயிற்று மடிப்புக்கு.

மறுநாள் பேருந்தில் ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். "வேணாம்மா, உக்காந்தா தூங்கிடுவேன்" என்று கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கால் விண்விண்ணென்று தெறித்தது. அழுகையாக வந்தது. துறவியின் அந்தக் கேள்வி வந்தது. "வாங்க, வலியோட கொஞ்ச நேரம் சும்மா இருந்து பார்ப்போம்" என்றார் துறவி. பிறகு பேச்சே இல்லை. போன் செத்துவிட்டதோ என்று பார்த்தாள், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆறு நிமிடம் கழித்து ஒரு மணியோசை. பதிவு முடிந்தது.

வீட்டுக்குப் போய், செருப்பைக் கூடச் சரியாகக் கழற்றாமல், உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"அப்ப கையைப் பிடிக்கறது?"

"அது நான் சொன்னது, அக்கா. பொய்தான்."

அக்கா போர்வைக்கு வெளியே கையை நீட்டினாள்.

"உக்காரு. அவரு சொன்னதையும் செய்வோம், நீ சொன்னதையும் செய்வோம்."

மடிப்பு கட்டிலோரம் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் பேசவில்லை. இரண்டு நிமிடத்தில் அவள் தலை கட்டில் சட்டத்தில் சாய்ந்து, குறட்டை கிளம்பியது. அக்காவுக்கு வலி இருக்கத்தான் செய்தது. ஆனால் தங்கை எழுந்திருக்கும்வரை கையை விடவில்லை.