அடுப்பில்லாத வீட்டு இட்லி

இன்று காலையில் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அப்பா ஒரு பட்டியல் போட்டிருந்தார். சமைக்காத உணவைச் சாப்பிட்டால் என்னென்ன நன்மை என்று வரிசையாக. தோல் மினுமினுக்குமாம், மலச்சிக்கல் ஓடியே போகுமாம். கடைசி வரியில், அடுப்படியிலிருந்து பெண்களுக்கு விடுதலை கிடைக்குமாம். விடுதலை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குக் கீழே அம்மா கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த விடுதலை எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் நாலாம் வகுப்பு. துடியலூரில் வீட்டுக்குப் பின்னாலேயே அப்பாவின் பட்டறை. மாவாட்டும் கிரைண்டர் செய்து விற்றார். அந்த வருஷம் அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயந்துபோன மனிதரை ஒரு சிநேகிதர் ஈரோட்டுப் பக்கம் நடந்த இயற்கை உணவு முகாமுக்குக் கூட்டிப்போனார். போனது என் அப்பா, திரும்பி வந்தது ஒரு சாமியார். வந்த அன்றைக்கே கேஸ் அடுப்பைப் பழைய சேலையில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டார்.

"இனிமே நம்மூட்ல தீயே வேண்டாங் கண்ணு. காக்கா குருவியெல்லாம் சமைச்சா திங்குது?" என்றார்.

அந்தக் காக்காய்கள் தினமும் மதில்மேல் வந்து காத்திருந்ததே எங்கள் வீட்டு இட்லிக்காகத்தான். இதை யார் அவரிடம் சொல்வது?

வெந்ததைத் தின்று விதி வந்தால் சாவது என்பார்கள். எங்கள் வீட்டில் வெந்தது என்று ஒன்றே இல்லாமல் போயிற்று. காலையில் வெண்பூசணிச் சாறு, மத்தியானம் ஊறவைத்த அவலும் தேங்காயும், ராத்திரி முளைகட்டின பச்சைப்பயறு. நடுநடுவே பச்சைப் புடலங்காய். பச்சைப் புடலங்காயைத் தின்றிருக்கிறீர்களா? தின்றவர்களோடு மட்டும்தான் அதைப் பற்றிப் பேச நான் தயார். பள்ளிக்கூடத்தில் என் டிபன் பாக்ஸைப் பார்த்த ஒருத்தி, "ஏனுங், உங்கூட்டு மாட்டுக்கு என்ன வெச்சீங்க?" என்று மரியாதையாகவே கேட்டாள்.

"அடுப்பே இல்லீன்னா உங்கம்மாளுக்கு வேலையே இல்ல பாரு" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அம்மா விடியுமுன் எழுந்து தேங்காய் துருவி, பூசணியை நறுக்கி அரைத்துப் பிழிந்து, பயற்றை அலசித் துணியில் கட்டி, நாலு வகைக் காயைப் பொடிப்பொடியாக அரிந்து முடிக்கும்போது எட்டு மணியாகிவிடும். முன்பெல்லாம் ஏழு மணிக்கே இட்லி வெந்திருக்கும்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஒரு கிரைண்டரை விற்கும் முன் அரிசி உளுந்து போட்டு ஒரு தடவை ஆட்டிப் பார்க்க வேண்டும், அது பட்டறைச் சட்டம். அந்த மாவுதான் அதுவரை எங்கள் இட்லி, தோசை எல்லாம். இப்போது அதை என்ன செய்வது? "ஆருக்காச்சும் குடுத்துபோடு" என்றார் அப்பா. ஊருக்கெல்லாம் மாவாட்டக் கிரைண்டர் விற்கிறவர் வீட்டில் ஒரு கரண்டி மாவுக்கு இடமில்லை! அம்மா அதைத் தூக்குப்போசியில் ஊற்றிப் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவுக்குக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மதில் தாண்டி இட்லி வேகும் வாசனை வந்தது. வெட்டுத்துணி கேட்கிற சாக்கில் நான் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"வா சாமி, சூடா ரெண்டு இட்லி தின்னுபோட்டுப் போ" என்றது அக்கா.

அன்று ஆரம்பித்தது. தினமும் எட்டு இட்லி. தின்றுவிட்டு வாயைக் கழுவி, அவர்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் ரெண்டு இலை கிள்ளி மென்று சட்னி வாசனையைப் போக்கிக்கொண்டு வருவேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே புல்லரிக்கும். ராத்திரி பயற்றை நாலு வாய் கொறித்துவிட்டுத் தட்டைத் தள்ளுவேன். "பாரு, கொஞ்சம் தின்னாலே போதுங்குது. அதுதான் பச்சை உணவோட சத்து" என்பார் அப்பா. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போனபோது, அவள் நின்றபடியே பூசணிச் சக்கையை அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். சக்கையைக்கூட விடமாட்டாளாம், அப்பாவை மிஞ்சின பக்தை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் அப்பாவின் சர்க்கரை இறங்கியது. அது உண்மை, அதை நான் மறைக்க மாட்டேன். மாத்திரையையும் அவர் நிறுத்தவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இயற்கை உணவுக் கூட்டம். அப்பா மேடையேறினார்.

"இந்த உணவு ஒடம்புக்குத் தகுந்தாப்புல வேலை செய்யுமுங்க. நோஞ்சானா இருந்த என்ற புள்ளையத் தேத்தியிருக்குது. குண்டா இருந்த என்ற சம்சாரத்த எளைக்க வெச்சிருக்குது. ஏ அம்மணி, எந்திரிச்சு நில்லு, எல்லாரும் பாக்கட்டும்!"

அம்மா எழுந்து நின்றாள். ரவிக்கை தோளில் தொங்கியது. முழங்கை வரைக்கும் வளையல் ஏறிக் கிடந்தது. மண்டபமே கைதட்டியது. என்னையும் மேடைக்கு இழுத்துக் கன்னத்தைத் தட்டிக் காட்டினார்கள். அக்கா வீட்டு இட்லியில் வளர்ந்த கன்னம்! புடலங்காய்க்கா இந்தப் பேர்? எனக்குத் தாங்கவில்லை.

ஒருத்தர் மைக்கை நீட்டினார். "சொல்லு கண்ணு, என்னத்தத் தின்னு இப்புடி ஆனே?"

"இட்லிங்க" என்றேன். "பக்கத்தூட்டு அக்கா ஊட்ல. தெனமும் எட்டுங்க."

மண்டபம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். "பாருங்க, புள்ளைக்குக் குறும்பையும் கூட்டியிருக்குது!" என்றார் மைக்கை நீட்டினவர். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு ஒரு பை நிறையக் காரட்டைப் பரிசாகக் கொடுத்தார்கள். அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொல்லியும் ஒரு ஆள் நம்பவில்லை. என்ன அநியாயம்!

அப்பா கூட்டத்தோடு நின்றுவிட, நானும் அம்மாவும் பஸ் ஏறினோம். அடி விழும் என்று காத்திருந்தேன்.

"நெசமாலுமே எட்டா தின்னே?" என்றாள் அம்மா.

"ஆமா."

"நான் ஆறுதான் குடுக்கச் சொன்னேன். அந்தப் புள்ள எட்டு குடுத்திருக்குது, மகராசி."

என் இரண்டு மாதத் திருட்டும் அந்த இடத்திலேயே பொசுக்கென்று போயிற்று. திருடவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாள்! மானமே போன மாதிரி இருந்தது. "அப்ப நீயும் வந்து திங்கறதுக்கென்ன?" என்று கத்தினேன்.

"உங்கப்பா ஒத்தையில உக்கோந்து திங்கோணுமல்லோ கண்ணு."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். துடியலூரில் இறங்கினதும் அம்மா பேக்கரி வாசலில் நின்றாள். உள்ளே பால் பொங்கிக்கொண்டிருந்தது. கடைக் கண்ணாடிப் பெட்டிமேல் கையை ஊன்றியபடி, "ஒரு டீ மட்டும் குடிச்சுபோட்டுப் போலாமா சாமி? கண்ணு இருட்டுது" என்றாள்.

நான் விடவில்லை. "டீ காய்ச்சினதுதானே? குடி, அப்பாகிட்டச் சொல்லிப்போடுறேன்."

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "செரி, வேண்டாம் வா" என்று காரட் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வழி நெடுக எனக்குப் பழிவாங்கிவிட்ட சந்தோஷம். எனக்கு ஆறு இட்லி சொல்லி வைத்தவளுக்கு யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவே இல்லை.