இரண்டடித் தூரம்

1. பெங்களூர், பதினெட்டாவது ஹோல்

என் வலது கை முதல் தடவை என் பேச்சைக் கேட்காமல் போனது பெங்களூரில், ஒரு கோல்ஃப் போட்டியின் இரண்டாம் நாள். கடைசி ஹோல். குழிக்கு இரண்டடி தூரத்தில் பந்து கிடந்தது. அதை உள்ளே தள்ளினால் மூன்றாம் நாள் ஆடலாம். தவறினால் பையைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

பந்தைக் குழிக்குள் தள்ளும் இந்தத் தூரத்து 'பட்' எல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அதற்கான மட்டையான பட்டரைப் பின்னால் இழுத்து முன்னால் கொண்டுவந்தேன். பந்தைத் தொடுகிற நேரத்தில் கை வெடுக்கென்று துள்ளியது. பந்து குழியைத் தாண்டி நாலடி ஓடி நின்றது. யாரோ முழங்கையைத் தட்டிவிட்டது போலிருந்ததால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி தனம் கேட்டாள்: "ஏனுங்க, ரெண்டே நாள்ல வந்துட்டீங்க?"

"மழை தனம். ஆட்டத்தையே நிறுத்திட்டாங்க."

அன்று பெங்களூரில் ஒரு சொட்டு மழை இல்லை.

2. கம்பெனியில் என் வேலை

என் அப்பா கோயம்புத்தூர் கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டியவர். நான் அங்கேயே ஆடக் கற்று, இருபத்திரண்டு வயதில் புரொஃபஷனல் ஆனேன். போட்டிகளை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. கோல்ஃப் பைத்தியம் பிடித்த திருப்பூர் பனியன் எக்ஸ்போர்ட்டர் ஒருவர் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார். ரெஜிஸ்டரில் மெர்ச்சண்டைசிங் அசிஸ்டென்ட் என்று இருக்கும். உண்மையான வேலை, பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வரும்போது அவர்களைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய்ச் சேர்ந்து ஆடுவது. மற்ற நாட்களில் பயிற்சி, போட்டி. தனம் அதே கம்பெனியில் டெய்லர்; டி-ஷர்ட்டுக்குக் காலர் வைப்பாள். நல்லூரில் வாடகைக்கு இருந்தோம்.

சிநேகத்துக்காக ஆடும் கோல்ஃபில் ஒரு மரியாதை உண்டு. பந்து குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், எதிராளி "ஓகே, எடுத்துக்கோ" என்று விட்டுக்கொடுத்துவிடுவார். அதனால் எந்த பையரும் என்னை அந்த இரண்டடியைப் போட வைத்ததே இல்லை. "நம்மாளு அடிச்சதப் பாத்தீங்களா?" என்று முதலாளி பெருமைப்படுவார். கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாமல் இரண்டு வருஷம் ஓடியது.

போட்டியில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பிடியை மாற்றினேன். இடது கையால் போட்டேன். நெஞ்சு வரை வரும் நீள பட்டர் வாங்கினேன். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் பரிசோதித்துவிட்டு, "நரம்புல ஒண்ணுமில்லீங்களே" என்றார். அவர் சொன்னது சரிதான். டீ கிளாஸைப் பிடித்தால் கை ஆடாது. தனத்துக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பேன், ஆடாது.

இதையெல்லாம் விடக் கேவலமான ஒன்றைச் செய்தேன். பந்து குழிக்குப் பக்கத்தில் போய் நிற்காதபடி, வேண்டுமென்றே பத்தடி தள்ளி அடிக்க ஆரம்பித்தேன். பத்தடியில் தவறினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பத்து வருஷம் பாடுபட்டுக் கற்ற தொழிலில், மோசமாக அடிக்க என்னை நானே பழக்கிக்கொண்டேன்.

3. முதலாளியோடு ஒரு ஜோடி

எக்ஸ்போர்ட்டர்கள் சேர்ந்து ஒரு போட்டி வைத்தார்கள். முதலாளிக்கு ஒரு புரொஃபஷனல் என்று ஜோடி. விட்டுக்கொடுக்கும் வழக்கம் கிடையாது. கடைசி ஹோலில் நாங்கள்தான் முன்னணி. என் பந்து இரண்டடியில் நின்றது. முதலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

முதல் தட்டில் பந்து குழியைத் தாண்டியது. திரும்பத் தட்டினேன், இந்தப் பக்கம் தாண்டியது. மூன்றாவதும் தாண்டியது. நான்காவதில்தான் விழுந்தது. கைதட்டத் தயாராக இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

திரும்பும் வழியில் திருமுருகன்பூண்டியில் முதலாளி காரை ஓரங்கட்டினார். பக்கத்துச் சிற்பக்கூடத்தில் கல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எத்தன நாளா இது?"

"ரெண்டு வருசமாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? தெரிஞ்சிருந்தா உன்னக் கூட்டிட்டுப் போயி அத்தன பேரு முன்னால நிக்க வெச்சிருப்பனா?"

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் செய்தி தையல் லைனுக்குப் போய்விட்டது. சாயங்காலம் தனம் வாசலிலேயே நின்றாள்.

"லைன்ல அத்தன பேருக்கும் தெரிஞ்சிருக்குது, எனக்குத்தான் தெரியல. மழையில ஆட்டம் நின்னுபோச்சுன்னு நானும் பக்கத்து ஊட்டுலயெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சனுங்களே."

பிறகு எனக்கு வழிவிட்டு நகர்ந்துகொண்டே சொன்னாள்: "இன்னொருக்கா போயி ஆடுங்க. என்ன நடந்தாலும் நடந்ததச் சொல்லுங்க. அது போதும்."

4. முதல் ஹோலோடு முடிந்தது

கோயம்புத்தூரிலேயே ஒரு போட்டி வந்தது. அன்று பத்தடி தள்ளி அடிக்கும் தந்திரம் வேண்டாம் என்று தீர்மானித்துக்கொண்டு போனேன். முதல் ஹோலில் என் இரண்டாவது ஷாட் உயரப் போய் இறங்கி, உருண்டு, குழிக்கு ஓரடியில் நின்றது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல ஷாட் நான் அடித்ததில்லை. ஓரமாக நின்றவர்கள் கைதட்டினார்கள்.

பந்தின்மேல் குனிந்து நின்றேன். பட்டரைப் பின்னால் இழுக்கவே முடியவில்லை. கை கல்லாகிவிட்டது. நிமிர்ந்தேன், மறுபடி குனிந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கூட ஆடிய பையன் மெதுவாக, "அண்ணா, டைம் ஆகுதுங்க" என்றான்.

பந்தைக் கையால் எடுத்துவிட்டேன். போட்டியில் அப்படி எடுத்தால் ஆட்டத்திலிருந்து விலகியதாக அர்த்தம். அவனுக்குக் கை கொடுத்துவிட்டு வெளியே நடந்தேன். அதற்குப் பிறகு எந்தப் போட்டியிலும் ஆடவில்லை.

பஸ் பிடித்துத் திருப்பூர் வந்து, மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை கம்பெனி கேட்டில் நின்றேன். தனம் வந்தாள்.

"பட்டர இழுக்கவே முடியல தனம். ஓரடி. கை வரவே இல்ல."

அவள் டிபன் பாக்ஸைத் திறந்து பாதிச் சோற்றை மூடியில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள். சாப்பிட்டோம்.

அடுத்த மாதம் முதலாளி என்னைச் செக்கிங் செக்ஷனுக்கு மாற்றினார். அங்கேதான் ஓய்வு பெறும்வரை இருந்தேன். துணியில் ஓட்டை, எண்ணெய்க்கறை, விட்டுப்போன தையல் ஆகியவற்றைக் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. அதை ஒழுங்காகச் செய்தேன். சந்தோஷமாகச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

எந்தத் தொழிலில் இருந்தாலும், கை பிசகிய முதல் வாரமே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். சொன்னால் குணமாகும் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் குணமாகியிருக்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த இரண்டு வருஷமும் நான் ஒற்றை ஆளாக இருந்திருக்க மாட்டேன்.