முள் எடுத்துச் சொல்பவள்

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்கு வைத்த பெயர் பொழிப்புரை. வைத்தவர் மாடி அறையில் கிடந்த வாத்தியார். பக்கவாதம் வந்து உடம்பில் ஒரு பக்கம் ஓய்ந்துவிட்டாலும் நாக்கு மட்டும் ஓயாத மனிதர். டாக்டர் வந்து தலையும் வாலும் புரியாதபடி பேசிவிட்டுப் போனதும், இந்த ஆயா கட்டில் ஓரமாக வந்து நின்று அதை இரண்டே வரியில் சொல்லிவிடுவாள். ரத்தம் ஓடுற குழாயில பாசி பிடிச்சிருக்கு, அதைக் கழுவத்தான் இந்த மாத்திரை என்பாள். கேட்டவருக்கு மனசு லேசாகும், மாத்திரை உள்ளே போகும். டாக்டர் சொல்வது செய்யுள், இவள் சொல்வது பொழிப்புரை என்று வாத்தியார் சொல்லப்போக, அதுவே நிலைத்துவிட்டது. அவளுக்கும் அதில் பெருமைதான். பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் யாரையோ என்று திரும்பிப் பார்ப்பாள்.

சாப்பாட்டு வேளையில் அவளைப் பார்க்க வேண்டும். பல் போனவர்கள், விழுங்கத் திணறுகிறவர்கள் எல்லாரும் அவள் பொறுப்பு. மீனை விரலால் தடவித் தடவி முள் எடுத்து, சோற்றோடு குழையப் பிசைந்து ஊட்டுவாள். அவள் ஊட்டிய மீனில் முள் குத்தியதாக ஒரு புகார் வந்ததில்லை. பேச்சிலும் அதே கைதான். குத்துவது எதுவோ அதைச் சத்தமில்லாமல் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு மீதியைச் சொல்வாள். இனி எழுந்திருக்கவே மாட்டார் என்று டாக்டர் கைவிரித்தவர்களுக்கென்றே அவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது: "ஓய்வு கொடுத்தா உடம்பு தானா வழிக்கு வரும்." புதிதாக வேலைக்குச் சேரும் ஆயாக்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுப்பாள். சொன்ன கையோடு ஒரு கவளத்தை வாயில் வைத்துவிட வேண்டும், அப்போதுதான் அடுத்த கேள்வி வராது என்பாள். இதைக் கருணை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். வேலை சீக்கிரம் முடியும், அதுதான் விஷயம்.

ஊட்டுவது ஒருத்தி வேலை. தூக்குவது அப்படி இல்லை. படுக்கையில் கிடக்கும் ஆளைச் சக்கர நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும், தலைப்பக்கம் ஒருத்தி, கால்பக்கம் ஒருத்தி. தலைப்பக்கம்தான் கனம். இரண்டு பேரும் ஒரே உயரமாக இருக்க வேண்டும், மூச்சும் ஒன்றாக வர வேண்டும். பொழிப்புரைக்கு ஜோடி, அக்கரைக்காரி என்று எல்லாரும் கூப்பிட்ட ஒரு பெண். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்காரி. இரண்டு நாடுகளும் வேறு பல நாடுகளும் சேர்ந்து ஒரே ஒன்றியமாக இருந்ததால், பாலத்தைத் தாண்டி வந்து வேலையில் சேர யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவளும் அவளைப் போன்ற இன்னும் சிலரும் அப்படி வந்தவர்கள்தான். மாடி முழுக்க அவர்கள் கையில் இருந்தது.

பொழிப்புரையின் இடுப்பு சில வருஷமாகவே சொன்னபடி கேட்பதில்லை. ஒருநாள் தலைப்பக்கம் நின்றவள் பாதியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதை அக்கரைக்காரி பார்த்துவிட்டாள். மறுநாள் எதுவும் கேட்காமல், "நீங்க கால் பக்கம் வாங்கக்கா" என்று இடத்தை மாற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து கனம் அவளுடையது. ஒன்று, இரண்டு என்று அவள்தான் எண்ணுவாள். மூன்று சொல்ல மாட்டாள். மூன்று வரவேண்டிய இடத்தில் ஆள் மேலே இருப்பார். இத்தனைக்கும் டாக்டர் பொழிப்புரையிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார், இன்னொரு தடவை கோணலாகக் கனம் தூக்கினால் நீயே படுக்கைதான் என்று. தனக்குச் சொன்னதை மட்டும் அவள் பொழிப்பு எழுதிக்கொள்ளவில்லை, அப்படியே நெஞ்சில் வைத்திருந்தாள்.

அதனால்தான் தலைமை ஆயா பதவியின்மேல் அப்படிக் கண் வைத்தாள். தலைமை ஆயா எதையும் தூக்குவதில்லை. இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு அறை அறையாக நடப்பாள், அவ்வளவுதான். இருந்தவள் ஓய்வுபெறும் நேரம் நெருங்கியது. அடுத்து அக்கரைக்காரிதான் என்று மேனேஜரம்மா சமையல்காரியிடம் சொன்னது, அங்கே ஒரு தாளிப்பும் சேர்ந்து, பொழிப்புரையின் காதுக்கு வந்தது. வயிறு எரிந்தது. சும்மா எரியவில்லை, நன்றாகவே எரிந்தது. இத்தனை வருஷம் தன் கனத்தைச் சுமந்தவள் என்ற நினைப்பு வந்திருக்க வேண்டிய இடத்தில், நேற்று வந்தவளுக்குக் கீழே நான் கால் பிடிப்பதா என்ற நினைப்புதான் வந்தது.

வீட்டில் புருஷனிடம் புலம்பினாள். வேன் ஓட்டி ஓய்ந்த மனிதர், நாள் முழுக்க டிவிக்குக் காவல் இருந்தார். அப்போது டிவியில் வேறு பேச்சே இல்லை. ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று நாடே வாக்களிக்கப் போகிறது. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, விலகிட்டோம்னா வெளி ஆளுங்க எப்படித் தலைமைக்கு வருவாங்க, நம்ம ஆளுக்குத்தானே முதல் இடம் என்றார். அவளுக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

இல்லத்திலும் பெரியவர்களுக்கு ஒரே குழப்பம். வாக்குப்பெட்டி இங்கேயே வரப்போகிறது, எதற்கென்றே தெரியாமல் எப்படிப் போடுவது என்று கேட்டார்கள். மேனேஜரம்மா பொழிப்புரையைக் கூப்பிட்டு, பக்கம் சாயாமல் புரியும்படி சொல்லச் சொன்னாள். மத்தியான சாப்பாட்டில், கூடத்தின் நடுவே நின்று பிசைந்துகொண்டே சொன்னாள். ஒரு பெரிய வளவு, அதற்குள் நிறைய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிவாசல் ஒன்றுதான், வீட்டுக் கதவுகளை யாரும் பூட்டுவதில்லை. யார் வேண்டுமானாலும் யார் வீட்டிலும் போய் வேலை பார்க்கலாம், தங்கலாம், சாமான் விற்கலாம். அதற்கு எல்லா வீட்டுக்காரர்களும் ஒரு பங்கு போட வேண்டும், எல்லாரும் சேர்ந்து போட்ட விதிக்குக் கட்டுப்பட வேண்டும். இப்போது நம் வீட்டில் சிலர், எங்கள் கதவுக்கு நாங்களே பூட்டுப் போட்டுக்கொள்கிறோம், எங்கள் விதியை நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்கிறார்கள். இதுதான் விஷயம்.

சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரியும். தன் வீட்டுக் கதவுக்குத் தான் பூட்டுப் போட வேண்டாம் என்று எந்தக் கிழவர் சொல்வார்? எல்லாரும் தலையாட்டினார்கள். வாத்தியார் ஒருவர்தான் கவளத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கேட்டார்.

"கதவைப் பூட்டறது சரி. ஏற்கனவே உள்ள வந்து நமக்கு வேலை செய்றவங்க என்ன ஆவாங்க?"

பக்கத்து மேசையில் அக்கரைக்காரி வேறொருவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றதைப் பொழிப்புரை பார்த்தாள்.

"அதெல்லாம் மேல இருக்கறவங்க பாத்துப்பாங்க ஐயா. நீங்க வாயைத் திறங்க."

வாத்தியார் திறந்தார். அவள் வைத்தாள்.

வாக்கு எண்ணினார்கள். மயிரிழையில் விலகல் ஜெயித்தது. இவள் சொல்லித்தான் ஒரு நாடு விலகியது என்று நானும் சொல்லவில்லை, ஊரெல்லாம் இதுபோல் ஆயிரம் பொழிப்புரைகள் இருந்திருக்கும். ஆனால் இதற்குப் பிறகு செய்தது முழுக்க அவள் செய்தது.

ஏற்கனவே வந்து வேலை பார்ப்பவர்கள் அரசு அலுவலகத்தில் ஒருமுறை பதிந்துகொண்டால் போதும், பழையபடியே இருக்கலாம், வேலையும் பதவியும் எதுவும் போகாது என்று அறிவிப்பு வந்தது. மேனேஜரம்மாவுக்கு உயிர் வந்தது. மாடிக்குப் போய் அக்கரையிலிருந்து வந்தவர்களிடம் அவசரமாக நாலு வார்த்தை சொன்னாள். பிறகு பொழிப்புரையிடம், நான் சொன்னது அவர்களுக்கு ஏறவில்லை, நீ சொன்னால்தான் ஏறும், பயப்பட வேண்டாம் என்று சொல் என்றாள். பொழிப்புரை சரி என்றாள். தலைமைப் பதவி மறுபடியும் கையை விட்டு நழுவியது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

துணி அறையில் இருவரும் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு முனை. அக்கரைக்காரிதான் ஆரம்பித்தாள்.

"அம்மா சொன்னது பாதிதான் புரிஞ்சுதுக்கா. நீங்க சொல்லுங்க. நான் இருக்கலாமா, போயிடணுமா?"

"இருக்கலாம். யாரு வேணாம்னா? வாடகை வீட்ல இருக்கற மாதிரி. வீட்டுக்காரன் மனசு மாறுற வரைக்கும் இருக்கலாம்."

"பதியணும்னு ஏதோ சொன்னாங்களே."

"ஆமா. யார் யார் எங்க இருக்காங்கன்னு எழுதி வச்சுக்கறாங்க. நாளைக்குத் தேடி வரணும்னா சுலபமா இருக்குமில்ல."

அக்கரைக்காரிக்கு ஒரு மகள், இங்கேதான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். படிப்பு பாதியில் இருக்கும்போது கதவைத் தட்டினால் என்ன செய்வது என்று தனக்குத்தானே கேட்பதுபோலக் கேட்டாள். பொழிப்புரை மடிப்பை நீவிவிட்டாள். கடைசி விரிப்பையும் மடித்துவிட்டு அக்கரைக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை உங்ககிட்ட கேட்டேன்கா. வேற யாரும் இப்படி உள்ளதைச் சொல்ல மாட்டாங்க." பொழிப்புரை கையை உருவிக்கொள்ளவில்லை. அந்த நேரம் அவளுக்கு வெட்கமாகக்கூட இல்லை.

அவள் போட்ட கணக்கில் ஒருத்திதான் போக வேண்டும். ஆனால் தனக்குக் கிடைத்த நல்ல புத்தியைத் தன்னோடு வைத்துக்கொள்கிற குணம் அக்கரைக்காரிக்கு இல்லை. அன்றே மற்றவர்களை உட்காரவைத்துத் தங்கள் பாஷையில் சொல்லிவிட்டாள். யாரும் பதியப் போகவில்லை. ஒருத்தர் பின் ஒருத்தராக வேலையை விட்டார்கள். மேனேஜரம்மா கெஞ்சினாள், காரணம் கேட்டாள். ஊரில் வேறு வேலை கிடைத்துவிட்டது என்று எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் கணக்கெடுக்கிறவர்கள் காதுக்குப் போய்விடும் என்று பயம். எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொள்வார்கள் என்று சொல்வார்களே, பொழிப்புரை அறுத்துக்கொண்டது தன் மூக்கை மட்டும் இல்லை. அந்த மாடியில் கிடந்த அத்தனை பேர் மூக்கையும்.

போகிற அன்று அக்கரைக்காரி தான் தூக்கும்போது கட்டிக்கொள்ளும் அகலமான இடுப்புப் பட்டையை அவளிடம் கொடுத்தாள். இனிமே நீங்க தலைப்பக்கம் நிக்க வேண்டி வந்தா கட்டிக்கோங்கக்கா என்றாள்.

சாவிக்கொத்து வந்தது. கூடவே வேலையும் வந்தது. அவர்கள் விட்டுப்போன இடத்துக்கு நம் ஆட்கள் முதல் உரிமையோடு வரிசையில் வந்து நிற்பார்கள் என்று டிவி பார்த்துப் புருஷன் சொன்னாரல்லவா, ஒருவரும் வரவில்லை. பீத்துணி அள்ளும் வேலையை எந்தப் பூட்டுப் போட்ட வீட்டிலும் யாரும் அடித்துப் பிடித்துக்கொண்டு கேட்பதில்லை. மூடிப்போன பிஸ்கட் கம்பெனியிலிருந்து ஒருத்தி மட்டும் வந்து சேர்ந்தாள். பொழிப்புரையைவிட ஒரு தலை உயரம். பாவம், கற்றுக்கொள்ளும் ஆசை மட்டும் நிறைய இருந்தது. முதல் நாளே பொழிப்புரை அவளுக்கு அந்த ஓய்வு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தாள், யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்து.

பெரியவர்கள் திருப்பிப் போட ஆளில்லாமல் ஒரே பக்கமாகக் கிடந்தார்கள். முதுகில் புண் வந்தது. அக்கரைக்காரி எங்கே, அவளைக் கூப்பிடு என்று பூட்டுக்குத் தலையாட்டிய அதே ஆட்கள் கேட்டார்கள். வாத்தியார் கேட்கவில்லை. "அன்னைக்கு நான் கேட்டேன். நீ சோத்தை வச்ச" என்று மட்டும் ஒருநாள் சொன்னார். அவள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

தலைமை ஆயா தூக்குவதில்லை என்பதெல்லாம் ஆள் இருந்த காலத்துப் பேச்சு. ஒரு காலையில் வாத்தியாரை நாற்காலிக்கு மாற்ற வேண்டியிருந்தது. பிஸ்கட்காரிக்குத் தலைப்பக்கம் பழக்கமில்லை. பொழிப்புரை பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு தலைப்பக்கம் நின்றாள். ஒன்று என்றாள், இரண்டு என்றாள். மூன்று வரவேண்டிய இடத்தில் பழைய பழக்கத்தில் தூக்கிவிட்டாள். பிஸ்கட்காரி கால்பக்கம் குனிந்து மூன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். வாத்தியாரின் மொத்தக் கனமும் ஒரு பக்கமாக வந்தது. இடுப்பில் ஏதோ மளுக்கென்றது. அவளும் வாத்தியாரும் தரையில் விழுந்தார்கள். வாத்தியாருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை, அடியில் மெத்தையாக அவள் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தவளை வீட்டில் வைத்துப் பார்க்கப் புருஷனால் முடியவில்லை. அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடிக்கவே ஆள் வேண்டும். மேனேஜரம்மா பழைய பழக்கத்துக்காக மாடியில் ஒரு கட்டில் ஒதுக்கினாள், வாத்தியாருக்கு அடுத்த கட்டில். இடுப்புக்குக் கீழே எது இருக்கிறது எது இல்லை என்று அவளுக்கே தெரியவில்லை. டாக்டர் வந்தார், காலைத் தட்டிப் பார்த்தார், பிஸ்கட்காரியை வெளியே கூப்பிட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

பிஸ்கட்காரி உள்ளே வந்து, தட்டில் மீனை முள் பார்த்துப் பிசைந்தாள். இப்போது அவளுக்கும் கை நன்றாகப் பழகியிருந்தது. பொழிப்புரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு? ஒளிக்காம சொல்லு."

"ஓய்வு கொடுத்தா உடம்பு தானா வழிக்கு வருமாம்கா. வாயைத் திறங்க."

அடுத்த கட்டிலில் வாத்தியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கவளம் உதட்டருகே வந்து நின்றது. அவள் வாயைத் திறந்தாள்.