மூன்றாவது பேஸில் நீண்ட கை

"ஞாயிறு காலை, திருவொற்றியூர். பெண்கள் பேஸ்பால் இறுதி ஆட்டம். கடைசியாக ஓடிய பெண் அவுட். காரணம், பயிற்சியாளரின் கை." என் நாட்குறிப்பில் அன்று இவ்வளவுதான் இருக்கிறது. தீர்ப்புச் சொன்ன நடுவரைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று.

ஐம்பது வயதிருக்கும். முகக்கவசத்தின் வார் கன்னத்தில் கோடு போட்டிருந்தது. கண்ணால் பார்க்காததைச் சொல்லமாட்டார். "தூசு மறைச்சிச்சு, பாக்கல" என்று அன்று ஒருமுறை கூச்சமில்லாமல் சொல்லிவிட்டு, இன்னொரு நடுவரைக் கேட்டார்.

கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். ஒரு ஓட்டம் வந்தால் சமன். மூன்றாவது பேஸைத் தாண்டி, தொட்டால் ஓட்டம் கிடைக்கும் கடைசி பேஸுக்குத் திரும்பும்போது அந்தப் பெண் தடுமாறினாள். அங்கே கோட்டுக்கு வெளியே நிற்கும் அவள் அணிப் பயிற்சியாளர் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். ஓடுபவரைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது. அவர் பிடித்துவிட்டார். அவள் ஓடி வந்து சேர்ந்தும் நடுவர் அவுட் கொடுத்தார்.

"இன்னா சார், புள்ளைக்கு மூஞ்சி பேந்துக்கும். புடிச்சது தப்பா?" என்று பயிற்சியாளர் பாய்ந்தார்.

"நானா இருந்தாலும் புடிச்சிருப்பேன் நைனா. ஆனா பாத்துட்டேனே."

பிறகு அவள் அழுதுகொண்டே நடுவரிடம் வந்தாள். "கோச் புடிக்காம வுட்டிருந்தா, நானே எழுந்து வந்து சேர்ந்திருப்பேனா சார்?"

"கண்டிப்பா வந்திருப்பம்மா" என்றார் உடனே.

அவள் விழுந்து எழுவதற்குள் பந்து முந்தி வந்து அவளை அவுட்டாக்கியிருக்குமா என்று அங்கிருந்த இருவரைக் கேட்டேன். முந்தியிருக்கும் என்றார் ஒருவர். இல்லை என்றார் மற்றவர். நடுவருக்கு உண்மையில் தெரிந்திருந்ததா என்பது இன்னும் உறுதிப்படவில்லை.