அசல் என்றால்தான் பயம்

முடி அலங்காரத்துக்கு வந்தவளின் செல்பேசி கைக்கு வந்ததும் மிலூஷ்கா சுழலும் சக்கரத்தையோ மின்னும் பரிசையோ பார்ப்பதில்லை. சூதாட்டத் தளத்தின் அடிமட்டம்வரை தள்ளிக்கொண்டே போய், அங்கிருக்கும் உரிம முத்திரையை விரலால் ஓர் அமுக்கு அமுக்குவாள். உரிமம் உண்மை என்றால் அதை வழங்கிய சூதாட்ட ஆணையத்தின் இணையப் பக்கம் திறக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் திறக்காது. "வெறும் படம்டி இது. ஒத்தக் காசு போடாத" என்று சொல்லிவிட்டுச் சீப்பை எடுத்துக்கொள்வாள்.

எங்கெங்கோ உள்ள சூதாட்டத் தளங்களெல்லாம் உரிமம் கேட்டு வந்து நிற்கும் கரீபியன் தீவு குராசாவ். தீவுக்காரர்கள் மட்டும் அவற்றில் ஆடக் கூடாது. ஆகவே மிலூஷ்காவின் பார்லருக்கு வரும் ஒவ்வொருத்திக்கும் கொலம்பியாவில் ஓர் அக்கா மகன் இருக்கிறான். அவனுக்காகத்தான் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

போலி முத்திரை என்றால் மிலூஷ்காவுக்கு நிம்மதி. அசலைக் கண்டால்தான் பயம். அசலில் கம்பெனியின் பெயர் இருக்கும். அதை வணிகப் பதிவேட்டில் தேடினால், அந்தக் கம்பெனிக்காக இங்கே கையெழுத்துப் போடும் இயக்குநரின் பெயர் வரும். அந்தப் பெயர் ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பூசையில் பக்கத்திலேயே முழங்காலிட்டிருக்கும். புகாரைப் பிரித்துப் படிக்கும் ஆணையத்து அம்மாளும் இவளிடம்தான் முடி சுருட்டிக்கொள்கிறாள். பெயர்களை வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் வேறு மிலூஷ்காவுக்கு உண்டு. அதனால் பதிவேட்டைத் திறக்குமுன் முடி உலர்த்தும் யந்திரத்தை ஓடவிடுவாள், தலை ஈரமோ இல்லையோ.

வெள்ளிக்கிழமை பள்ளிச் சமையல்காரி டிர்சே வந்தாள். கொலம்பியாவில் அவளுக்கு இருப்பது நிஜமான அக்கா. கூரை மாற்ற வைத்திருந்த பணத்தை ஒரு தளத்தில் போட்டு, அதிசயமாக ஜெயித்தும் தொலைத்தாள் அந்த அக்கா. தளம் பணத்தைத் தரவில்லை. எழுதிய கடிதங்களெல்லாம் கிணற்றில் போட்ட கல். ஆணையத்திடம் போவதுதான் பாக்கி.

முத்திரை திறந்தது. பதிவேட்டில் வந்த பெயர் கில்மர், மிலூஷ்காவின் சொந்தத் தம்பி. அன்று அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை.

பின்கட்டுக்குப் போய் அவனைக் கூப்பிட்டாள்.

"கையெழுத்து மட்டுந்தான் என்னுதுக்கா" என்றான் கில்மர். "கம்பெனி யாருதுன்னே தெரியாது. புகார்னு ஒண்ணு போச்சுன்னா மொதல்ல என் கதவத்தான் வந்து தட்டுவாங்க. பிள்ளைங்க இருக்கு."

"ஜெயிச்சவளுக்குப் பணத்தக் குடுக்கச் சொல்லேன்டா."

"யார்கிட்டக்கா சொல்றது?"

திரும்பி வந்து கையுறைகளை மாட்டிக்கொண்டு, டிர்சேயின் தலையில் விட்ட இடத்திலிருந்து சாயம் பூசத் தொடங்கினாள்.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி இருக்க? போலியா?" என்று கேட்டாள் டிர்சே.

போலி என்று சொன்னால் தீர்ந்தது. தினமும் வாயில் வரும் வார்த்தைதான். டிர்சேயின் அக்கா கொஞ்சம் அழுதுவிட்டு மறந்துவிடுவாள். கில்மரின் கதவை யாரும் தட்டமாட்டார்கள். டிர்சேயின் காதோரம் வழிந்த சாயத்தை மிலூஷ்கா துடைத்தாள்.

"அசல்தான்டி. உங்கக்கா பேர முழுசாச் சொல்லு."

டிர்சே சொன்னாள். மிலூஷ்கா நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டும்படி திருப்பிவிட்டு, செல்பேசியில் இருந்த ஆணையத்தின் புகார்ப் பக்கத்தில் விரலை வைத்தாள். கையுறை மாட்டிய விரலுக்குத் திரை அசையவில்லை. மறுபடி வைத்தாள். அசையவில்லை.

பிறகு கையுறையின் நுனியைப் பல்லால் கடித்து உருவினாள்.