முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு சொல்

அலுவலகத்தில் அவருக்குக் கமாக்கா என்று பெயர். ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் அச்சை நிறுத்திவிடுவார். டாக்டர்களும் மருந்துக்கடைக்காரர்களும் மேசைமேல் வைத்துப் புரட்டும் தடித்த மருந்துக் கையேட்டைப் பதினாறு வருஷமாக எழுதிவருகிறவர். எந்த மாத்திரை, எதற்கு, எவ்வளவு, யாருக்குக் கூடாது, எதோடு சேரக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். புதிதாகச் சேருகிறவர்களிடம், "கதை எழுதறவங்க ஒரு வார்த்தையைத் தப்பா போட்டா படிக்கிறவங்க திட்டுவாங்க. நாம போட்டா திட்டக்கூட ஆள் இருக்காது" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

புதிய பதிப்பு கடைகளுக்குப் போய் ஒன்பதாவது நாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப்போனபோது போன் அடித்தது. பேசியது ஒரு மருந்துக்கடைக்கார அம்மா.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். மூட்டுவலி மாத்திரை ஒண்ணைப் பாலோட போடலாமான்னு கேக்கறாங்க. வயிறு எரியுதாம்."

மருந்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு கமாக்கா புத்தகத்தை விரித்தார். முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். பாலைத் தேடிப்போன கண், அதற்கு மேலே அளவு எழுதியிருந்த வரியில் நின்றுவிட்டது. 'தினம் ஒரு முறை.'

அது வாரத்துக்கு ஒரே ஒரு முறை போடவேண்டிய மாத்திரை. தினமும் போட்டால் ரத்தம் ஊறுவதே நின்றுபோகும்.

"அம்மா, அவருக்கு எப்படிப் போடச் சொன்னீங்க?"

"டாக்டர் எழுத்து புரியலை மேடம். உங்க புத்தகத்தைப் பாத்துத்தான் தினம் ஒண்ணுன்னு கவர்ல எழுதிக் குடுத்தேன். இன்னிக்கு நாலாவது நாள். ஏன் மேடம்?"

கமாக்கா எழுந்து நின்றார். "புத்தகத்துல தப்பு இருக்கு. உடனே நிறுத்தச் சொல்லுங்க. யார் அவரு, எங்க இருக்காரு?"

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவர். கடைக்கார அம்மா இரண்டு தடவை போன் போட்டும் எடுக்கவில்லை.

கமாக்கா புத்தகத்தோடு மேலாளர் அறைக்கு ஓடினார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றி அந்த வரியைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"பதறாதீங்க. முதல்ல இது அச்சகத்துத் தப்பா, நம்ம தப்பான்னு பாப்போம். வக்கீலைக் கேட்டுட்டுக் கடிதம் அனுப்பலாம்."

"கடிதம் போற வரைக்கும் ஜனங்க மாத்திரை போடாம காத்திருப்பாங்களா சார்?"

கமாக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இருநூற்றுப் பதினெட்டுக் கடைகளின் பட்டியலை நாலாகக் கிழித்து, சகாக்கள் நாலு பேர் கையில் திணித்தார். "ஒவ்வொரு கடையா கூப்பிடுங்க. பேனாவால அந்த வரியை அடிக்கச் சொல்லுங்க. யாருக்காவது குடுத்திருக்காங்களான்னு கேளுங்க. 'அப்புறம் பாக்கறேன்'னா விடாதீங்க." சொல்லிவிட்டு வாசலில் கிடைத்த வண்டியில் ஏறினார். டப்பா திறக்காமலே கிடந்தது.

பூட்டுக்காரர் கடையில்தான் இருந்தார். விரல் முட்டிகள் வீங்கிப்போய், அரத்தைப் பிடிக்கவே சிரமப்பட்டுக்கொண்டு ஒரு சாவியை ராவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

"இன்னிக்கு மாத்திரை போட்டுட்டீங்களா?"

"காலையிலயே போட்டாச்சே. வலி குறையலை. நாளையிலேர்ந்து ரெண்டா போடலாமான்னு பாக்கறேன்."

"வாயைக் கொஞ்சம் திறங்க."

உதட்டின் உள்பக்கம் வெள்ளையாக இரண்டு புண். வாய்ப்புண் கண்டால் தாமதிக்கக் கூடாது என்று அதே பக்கத்தின் கீழே எழுதியவரும் அவர்தான்.

"நீங்க யாரும்மா?" என்றார் மனைவி.

"அந்த மாத்திரையைப் பத்திப் புத்தகத்துல தப்பா எழுதினவ. கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

டாக்டர் அந்த மாத்திரையை முறிக்கும் மருந்தை ஊசியில் ஏற்றினார். "நாலு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்" என்றார்.

சாயங்காலம் கமாக்கா அலுவலகம் திரும்பியபோது பட்டியல் முடிந்திருந்தது. இன்னும் ஒரே ஒரு கடையில் அந்த மாத்திரை விற்றிருந்தது. அந்தக் கடைக்காரர் விஷயம் தெரிந்தவர், புத்தகத்தை நம்பாமல் வாரம் ஒன்று என்றே கொடுத்திருந்தார். கமாக்கா தன் கம்ப்யூட்டரைத் திறந்தார். அச்சகத்துத் தப்பாக இருக்கட்டும் என்று மனசு கெஞ்சியது. இல்லை. முந்தைய மருந்தின் பத்தியை நகலெடுத்து, ஒவ்வொரு சொல்லாக மாற்றியவர் இந்த ஒரு சொல்லை மாற்ற மறந்திருந்தார். கடைசிப் பிழைதிருத்தத்தின் அடியிலும் அவர் கையெழுத்துதான்.

அறையில் யாரும் இல்லை. 'தினம்' இருக்கிற இடத்தில் 'வாரம்' என்று அடித்துச் சேமிக்க ஒரு நிமிஷம் போதும். விரல் விசைப்பலகைமேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அந்தப் பக்கத்தை அப்படியே அச்செடுத்து மேலாளர் மேசையில் வைத்தார்.

"இதை எதுக்குக் குடுக்கறீங்க?" என்றார் மேலாளர். "அச்சகம்னு சொல்லி முடிச்சிருக்கலாம்."

"அங்க மூணு பேர் வேலை செய்யறாங்க சார். பழி அவங்க தலையில விழும்."

பூட்டுக்காரரின் வெள்ளணுக்கள் இரண்டாம் நாள் குறைந்தன. மூன்றாம் நாள் இன்னும் குறைந்து, ஜுரமும் வந்தது. கமாக்கா வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பூட்டுக்காரரின் மனைவி அவரைப் பார்க்காமலே தாண்டிப்போவார். ஒருமுறை மட்டும் நின்று, "பெரிய படிப்பெல்லாம் படிச்சிட்டு என்னத்தைப் பாத்து எழுதினீங்க?" என்றார்.

வீட்டில் கணவர், கணக்கு வாத்தியார், தேற்றப்பார்த்தார். "யானைக்கும் அடி சறுக்கும். நான் போர்டுல போடாத தப்பா?"

"உங்க தப்பை டஸ்டரால அழிச்சிடலாம்" என்று எரிந்துவிழுந்துவிட்டு, சமையலறைச் சுவரைப் பார்த்து அழுதார்.

ஐந்தாம் நாள் காலை ஜுரம் இறங்கியது. வெள்ளணுக்கள் கொஞ்சம் ஏறியிருந்தன. ஆறாம் நாள் இன்னும் ஏறின. பதினோராம் நாள் பூட்டுக்காரர் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார்.

திருத்திய பக்கம் எல்லாக் கடைகளுக்கும் போனது. கமாக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆறு மாசம் கையெழுத்துப் போடும் உரிமை இல்லை. அவர் அதை எதிர்க்கவில்லை. இப்போது ஒவ்வொரு அளவு வரியையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் மூல ஆவணத்தில் விரல் வைத்துச் சரிபார்க்கிறார்கள். பக்கத்து அறைக்காரர்கள் பஜனை மடம் என்று கேலி பேசுகிறார்கள்.

பூட்டுக்காரர் வீட்டிலிருந்து மன்னித்துவிட்டோம் என்று ஒரு வார்த்தையும் வரவில்லை. ஆனால் எந்தப் புது மாத்திரை வாங்கினாலும் அவர் மனைவி கமாக்காவுக்குப் போன் போடுகிறார். வணக்கம், சௌக்கியம் எதுவும் கிடையாது. கவரில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்.

"இது சரியா?"

"இருங்க, பாத்துச் சொல்றேன்" என்கிறார் கமாக்கா. மூன்று புத்தகங்களில் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்.